கோணலாய் வந்தாலும் எழுதுங்கள்

(விருதுநகரில் நடைபெற்ற ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில், மருத்துவமனைப் பணியாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



 கடந்த நாட்களில் எங்களைத் தாங்கிய உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் தேவனைத் துதிக்கிறோம். இத்தகைய கூடுகைகளில் கட்டிடங்களையும் கருவிகளையும் பற்றிச் சொல்வது வழக்கம். இம்முறை ஒரு நோட்டுப்புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். தீக்காயப் பிரிவில் இவை இரண்டும் செய்கிற ஊழியம் சிறியதல்ல.

பிழைத்தவர்களின் கைகள்

நம்முடைய மாவட்டத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. பட்டாசுக்குள் செலுத்துவதும் மருந்து. மழையை நம்பிய இந்த வறண்ட பூமியில், 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் அதன்பின் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. இதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்ததையும், 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்ததையும் நம்மால் மறக்க முடியாது. இறந்தவர்களின் எண்ணிக்கை பத்திரிகையில் வந்தது. பிழைத்தவர்களைப் பற்றி அதன்பின் யாரும் அதிகம் எழுதவில்லை.

பிழைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கைகள்தான் முதலில் வெந்திருக்கும். வேலை செய்வது கையால். தீ எழும்பும்போது முகத்தை மறைப்பதும் கையால். தோல் ஒட்டும் சிகிச்சை முடிந்து புண் ஆறிய பிறகும் தழும்பு இறுகிக்கொண்டே போகும், விரல்கள் மடங்கும். மாதக்கணக்கில் கட்டையும் கட்டும் பயிற்சியும் தேவை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்கி, வேகத்தினால் பிழைத்த கை அது. இப்போது சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சகோதரிகள் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். “இனிமே இந்தக் கை எதுக்காகும் டாக்டர்?” என்ற கேள்வியை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். தோலை ஒட்டுவதற்கு எங்களுக்கு வழி தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நோட்டுப்புத்தகம் வேண்டியிருக்கிறது.

முதல் கோடு

பென்சிலைச் சுற்றிப் பஞ்சும் துணியும் வைத்துத் தடிமனாக்கிக் கொடுத்தால், முழுவதும் மடங்காத விரல்களும் அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு கோடு. பிறகு புள்ளிகள். வாசலில் அன்றாடம் புள்ளி வைத்துக் கோலமிட்ட கைகளுக்கு இது அந்நியமான வேலையல்ல. ஆனாலும் கோடு நடுங்கும், புள்ளி விலகும். உடனே, “அசிங்கமா இருக்கு சிஸ்டர்” என்று தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. சிவகாசியில் வளர்ந்த கண் பிசிறில்லாத படத்துக்குப் பழகிய கண். கோவில்பட்டி ஓவியர் கொண்டையா ராஜுவும் அவருடைய மாணவர்களும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்களின் காலண்டர்களாக வீடுதோறும் தொங்கின. அச்சகத்தில் ஒரு வண்ணம் நூலளவு விலகினாலும் அந்தத் தாள் கழிவுக்குப் போகும். அச்சுக்கு அது சரியான சட்டம். மனுஷருக்கு அந்தச் சட்டத்தை வைத்தால் எந்தக் கையும் மறுபடி பென்சிலைத் தொடாது.

ஆகவே எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யாருடைய படத்தையும் திருத்துவதில்லை. அழகாக இருக்கிறது என்று பொய்யாகப் புகழ்வதுமில்லை. “இது என்ன?” என்று மட்டும் கேட்கிறோம். “எங்க வீட்டு ஆடு”, “ஊரணி”, “எங்க அம்மாச்சி” என்று பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்லும்போது பேச்சு தழும்பிலிருந்து ஆட்டுக்குட்டிக்குப் போய்விடுகிறது. தாளைக் கவிழ்த்து வைத்தவர்களே அடுத்த வாரம், “இன்னைக்கு நோட்டு இல்லையா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்களுக்குப் பெரிய சாட்சி.

பாரதபுரம் கற்பித்த பாடம்

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே பாரதபுரத்தில், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் வாழும் குடியிருப்பில், ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக்கும் சமூகசேவகி பத்மா வெங்கட்ராமனும் 2005-ல் ‘பிந்து’ ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்கள். தொழுநோய்க் கிருமியைக் கூட்டு மருந்து அழித்துவிடும். இழந்த விரலையும் உணர்ச்சியையும் அது திருப்பித் தராது. ஜனங்களின் அருவருப்பையும் நீக்காது. அங்கே படிக்க வந்தவர்களில் பலர் வயதானவர்கள். அதற்குமுன் தூரிகையைத் தொட்டதே இல்லாதவர்கள். குறைப்பட்ட கைகளாலே தூரிகையைப் பிடித்து மரங்களையும் பறவைகளையும் எழுதினார்கள். அந்தப் படங்கள் நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன, விலைக்கும் போயின. பிச்சைக்காக நீட்டப்படும் கை என்று உலகம் எண்ணிய கை, தன் வேலைக்குக் கூலி வாங்கிற்று.

அவர்கள் முதலில் தைரியம் பெற்று, பிறகு வரையவில்லை என்பதைக் கவனியுங்கள். வரைந்தார்கள், தைரியம் பின்னால் வந்தது.

படுக்கையிலிருந்து எழுதியவர்

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்குத் தெற்கே டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். 1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காக ஆயத்தம் செய்த வீட்டைப் பார்க்கப்போன இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் ஒரு குழியில் விழுந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் கர்த்தரிடம் சேரும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். வியாதியஸ்தருக்கென்று சுகமுள்ளவர்கள் எழுதிய துண்டுப்பிரதிகள் அவருக்கு ஆறுதல் தரவில்லை. ஆகவே, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களைத் தாமே எழுதினார். அவை 1933-ல் நூலாக வந்தன. டோனாவூர்க் குடும்பத்தாருக்கு அன்றாடம் சிறு குறிப்புகளையும் எழுதி அனுப்பினார். அவர் மறைந்தபின் அக்குறிப்புகளிலிருந்து ஒரு தியான நூலே தொகுக்கப்பட்டது. வலி நீங்கட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் அந்த நூல்கள் நமக்குக் கிடைத்திரா.

“அவர் படித்தவர்; எங்களால் முடியுமா?” என்று சிலர் கேட்கிறார்கள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்று சரித்திரப் பொக்கிஷம். அதில் இருப்பவை கப்பல் வந்ததும், வியாபாரமும், அன்றைக்குக் காதில் விழுந்த பேச்சும்தான். அலங்காரமாய் எழுத வேண்டுமென்று நாட்குறிப்பு யாரையும் கேட்பதில்லை. “இன்று கட்டு மாற்றினார்கள். வலித்தது. மகன் வந்தான். இரண்டு இட்லி சாப்பிட்டேன்.” இது போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அன்றைய நாளுக்கு ஒரு படம் போடட்டும். அல்லது அவர்கள் சொல்ல, பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளை எழுதட்டும்.

மருத்துவம் சொல்வது

இதை மருத்துவ அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் துயரத்தை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய கல்லூரி மாணவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். 2013-ல் நியூசிலாந்தில் முதியோரிடம் நடந்த ஓர் ஆய்வில், மனத்துயரை எழுதியவர்களுக்குத் தோலில் செய்த சிறு காயம் விரைவாக ஆறியது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் பலன் சிறிதாகவே காணப்பட்டது. ஆகவே இதை அற்புத மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக்கும் கைப்பயிற்சிக்கும் இது துணை, மாற்று அல்ல.

ஓர் எச்சரிப்பும் உண்டு. விபத்து நடந்த புதிதில், “நடந்ததையெல்லாம் எழுது” என்று யாரையும் நெருக்கக்கூடாது. அது சிலருக்குத் துயரத்தைக் கூட்டும். முதல் வாரங்களில் அன்றைய நாளை மட்டும் எழுதினால் போதும். வெடித்த அந்த நாளைப் பற்றி எழுத அவர்களே விரும்பும்போது, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நோட்டு அவர்களுடையது, அனுமதியில்லாமல் நாங்கள் திறப்பதில்லை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

சிவகாசி வருஷந்தோறும் தேசமெங்கும் டைரிகளையும் காலண்டர்களையும் அனுப்புகிறது. அவற்றை மடித்து, தைத்து, அட்டை ஒட்டும் கைகளில் பல, தங்களுக்கென்று ஒரு பக்கமும் எழுதியதில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் எழுதாத டைரி இருக்குமானால், பழைய வருஷத்தினதானாலும், எங்களுக்குக் கொடுங்கள். ஒருபுறம் வெறுமையான தாள்களும் கலர் பென்சில்களும் உதவும். பணமாகக் கொடுப்பவர்களின் காணிக்கை கைப்பயிற்சிக் கருவிகளுக்குப் பயன்படும். எல்லாவற்றிற்கும் மேலாக, வாரத்தில் ஒருமணி நேரம் வந்து ஒரு நோயாளியின் அருகில் உட்காருங்கள். நீங்களும் ஒரு தாளை எடுத்துக் கோணலாய் ஏதேனும் வரையுங்கள். உங்களுடைய ஆடும் ஆடுபோல் இல்லாததைக் கண்டு அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் சுகமாகுதலின் ஒரு பங்குதான்.

அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், தம் சொந்தக் கையால் பெரிய எழுத்துகளில் எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். கண் மங்கியதாலா, வேறு காரணமா என்று வேத பண்டிதர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எதுவானாலும், அழகாய் எழுதத் தெரிந்தவரிடம் எழுதுகோலைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. அந்தப் பெரிய எழுத்துகளையும் தேவன் தம் சபைக்காகப் பயன்படுத்தினார். நம் வார்டில் நடுங்குகிற கைகளின் எழுத்தையும் அவர் வாசிக்கிறார் என்று விசுவாசிக்கிறோம்.

தீக்காயப் பிரிவில் இருப்பவர்களுக்காகவும், பட்டாசு ஆலைகளில் அன்றாடம் உழைப்போரின் பாதுகாப்புக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.