தலைக்கட்டு வரி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமய வழக்கங்களும் சமூக வாழ்வும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். மெட்ரிக்குலேஷன் தேறி, இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் எழுதிக் காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு இஃது அளவுக்கு மீறிய பொருள். வேதாந்தம் அறியேன், வரவு செலவு ஓரளவு அறிவேன். ஆதலின், சமயத்திலும் வரவு செலவு சம்பந்தப்பட்ட வழக்கம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். அதுதான் தலைக்கட்டு வரி.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இச்சொல் புதிதாக இருக்கும். நம் ஊர்ப்பக்கத்துக் கிராமங்களில் அம்மன் திருவிழாவுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடும். பந்தல், மேளம், பூசாரி, பூ, வாணவேடிக்கை என்று செலவைத் திட்டமிட்டு, அத்தொகையை ஊரிலுள்ள தலைக்கட்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மணமாகித் தனி அடுப்பு வைத்த ஆடவன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. அண்ணன் தம்பியர் பாகம் பிரிந்தால் ஒரு வரி இரண்டாகும். பத்து ஏக்கர் நஞ்செய் உடையவருக்கும், கூலிக்கு ஏர் ஓட்டுகிறவருக்கும் வரி ஒன்றே. ‘இது என்ன நியாயம்?’ என்று சிறுவனாக இருந்தபோது என் தந்தையாரைக் கேட்டேன். அவர் மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டே, ‘அதிகம் கொடுத்தவன் அதிகம் பேசுவானப்பா’ என்றார்.

வரி கட்டியவன் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்கலாம். வெட்டிய கிடாயில் ஒரு பங்கு அவன் வீடு தேடி வரும். சில ஊர்களில் கண்மாய் மீனைப் பங்கிடுவதும் அந்த வரிக் கணக்கைப் பார்த்தேதான். அம்மன் பெயரால் எழுதப்பட்ட அக்கணக்கு, ஊரின் குடிக்கணக்காகவும் விளங்கிற்று.

அம்மை நோயைத் தணிப்பதற்கே மாரியம்மன் விழா ஏற்பட்டது என்று நம் பாட்டிமார் சொல்வர். பெரியம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகியிருக்கும்; அயலார் உள்ளே வரமாட்டார்கள். வேப்பிலை கிருமியைக் கொல்லுமா என்பதை மருத்துவர்களிடமே விடுகிறேன். ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் கண்டு மகிழும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவ்விலை தெருவில் செல்வோருக்கு ஓர் அறிவிப்பாக இருந்தது. எழுத்தறியாதவரும் அதைப் படித்தனர். இந்தியாவில் பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு முடிந்தது. 1980-இல் அது உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, விழா போகவில்லை. காப்புக் கட்டியபின் வெளியூரில் இரவு தங்கலாகாது என்னும் விதியும் பல ஊர்களில் போகவில்லை. ஆகவே அவ்விழா நோய்க்காக மட்டும் நடைபெற்றதன்று. ஊரார் என்போர் யார் யார் என்று ஆண்டுக்கொரு முறை எண்ணிப் பார்ப்பதற்காகவும் அது நடைபெற்றது என்பது என் கருத்து.

சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ், குடகு மக்களைப் பற்றி 1952-இல் வெளியிட்ட நூலில், சடங்குகள் குடும்பத்தையும் ஊரையும் எவ்வாறு ஒன்றாகப் பிணைக்கின்றன என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். அகராதியின் துணைகொண்டு அதைப் படித்தேன்; பாதி புரிந்தது. புரிந்த பாதி என் தந்தையார் சொல்லோடு ஒத்திருந்தது.

ஆயினும், எண்ணுகிறவன் சிலரை எண்ணாமலும் விடுகிறான். ஒருவனை ஊரைவிட்டுத் தள்ளுவதற்கு அவனை அடிக்க வேண்டியதில்லை. அவன் நீட்டும் வரியை வாங்காமல் விட்டால் போதும். சாதி மாறி மணம் புரிந்த குடும்பத்தாரிடம் கோயில் வரி வாங்க மறுத்த செய்திகள் இன்றும் நாளேடுகளில் வருகின்றன. ஆதிதிராவிட மக்களிடம் பல ஊர்களில் பறையைக் கேட்டார்கள், வரியைக் கேட்டதில்லை. கணவனை இழந்தவரின் வீடு சில ஊர்களில் அரைத் தலைக்கட்டு. சில ஊர்களில் அதுவுமில்லை. கேட்டால், இரக்கத்தால் விட்டோம் என்பார்கள்.

நாம் வாழும் இந்த வங்க நாட்டிலும் இதற்கு ஒப்பான கதை ஒன்று உண்டு. தேவி பூசை முற்காலத்தில் ஜமீன்தார் மாளிகைகளில் நடைபெற்றது. ஊரார் விருந்தினராகச் சென்று வணங்கி வந்தனர். ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாடாவில், அத்தகைய மாளிகை ஒன்றில் தடுக்கப்பட்ட நண்பர் பன்னிருவர் தாமே பணம் சேர்த்துப் பூசை நடத்தினர் என்பர். ஆண்டு 1790 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ‘பாரோ’ என்றால் பன்னிரண்டு, ‘யார்’ என்றால் நண்பர். ‘பாரோயாரி’ என்னும் பெயர் அவ்வாறு வந்தது. பின்னர், இருபதாம் நூற்றாண்டில் அது எல்லா மக்களுக்கும் உரிய ‘சர்வஜனீன’ பூசையாயிற்று. கொல்கத்தாவின் துர்க்கா பூசையை 2021-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் ‘சாந்தா’ என்று வசூலிப்பதும் நாம் ‘சந்தா’ என்று வசூலிப்பதும் ஒரே சொல்தான்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். நம் காலனி அம்மன் விழாவின் வசூல் புத்தகம் ஆறாண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நம் அன்பர் ஒருவர் பணியிலிருக்கும்போதே காலமானார். அவர் மனைவியாருக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் அவர் பெயருக்கே மாறிற்று. நான் வசூல் புத்தகத்தில் கணவரின் பெயரை அடித்தேன். அதன்கீழ் யார் பெயரையும் எழுதவில்லை. ‘பாவம், இரண்டு சிறு பிள்ளைகள், நாம் போய்க் கேட்கலாகாது’ என்று எண்ணி, இரண்டு ஆண்டுகள் அவ்வீட்டைக் கடந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அவருடைய சம்பளப் பட்டியலை மாதந்தோறும் எழுதுகிறவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு விழா முடிந்த மறுவாரம் அந்த அம்மையார் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ‘அண்ணா, துர்க்கா பூசைக்கு வங்காளிப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து ரசீது கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் வருவதில்லை? பிரசாதம் நம் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று என் மகன் கேட்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல?’ என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. ரசீதுப் புத்தகத்தை எடுத்து, வழக்கம்போல் ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கினேன். ‘என் பெயரை எழுதுங்கள்’ என்றார். இரண்டு ஆண்டுத் தொகையையும் எண்ணி வைத்தார். அவருடைய அனுமதி பெற்றே இதை இங்கே கூறுகிறேன். அவர் இந்த அவையிலேதான் அமர்ந்திருக்கிறார்.

நாளை காலைப் பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். புத்தகத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றிருக்கும் தலைப்பை எடுத்துவிட்டு, அடுப்பெரியும் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும் அவ்வீட்டைத் தாங்குகிறவர் பெயரே இருக்க வேண்டும். பாதைப் பராமரிப்புக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து, யார்டுக்கு அப்பால் கொட்டகை போட்டிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களையும் அதில் சேர்க்க வேண்டும். ‘அவர்களிடம் வரி வாங்கினால் கூட்டத்தில் வாக்கும் கொடுக்க நேருமே’ என்று குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் தனியே கவலைப்பட்டார். ஆம், நேரும்.

வசூல் புத்தகம் வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. அடித்த பெயர்களும், எழுதாமல் விட்ட இடங்களும் அதில் அப்படியே உள்ளன. தாய்மார்கள் வீட்டுக்குப் போகுமுன் அதைப் புரட்டிப் பார்த்து, விடுபட்ட வீடு எதுவாயினும் என்னிடம் சொல்லுமாறு வேண்டுகிறேன்.