குத்தகைக் காரும் சொந்தக் காரும்: பராமரிப்பு யாருடைய கடமை?

(அட்லிஸ்வில்லில் பெற்றோர்க்கும் இளையோர்க்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

புதிய வாகனம் வீட்டு வாசலுக்கு வந்ததும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, தேங்காய் உடைத்து, சில்லுகளின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து முதல் ஓட்டத்தைத் தொடங்குவது தமிழர் வழக்கம். ஊரில் துவிச்சக்கர வண்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் செய்யப்பட்ட அதே பூசை, இன்று சுவிற்சர்லாந்தில் முந்நூறு, நானூறு குதிரைவலுக் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் செய்யப்படுகின்றது. மகனின் முகத்தில் மகிழ்ச்சி, தாயின் கண்ணில் பெருமிதம். எலுமிச்சம்பழம் நசுங்கும் அந்த வேளையில் ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை: இந்தக் கார் உண்மையில் யாருடையது?

லீசிங்கில் எடுக்கப்பட்ட காராயின், மாலை சூட்டிய குடும்பம் அதன் உரிமையாளர் அல்ல. அதை ஓட்டும் உரிமையை மட்டுமே அக்குடும்பம் சில ஆண்டுகளுக்குப் பெற்றிருக்கின்றது. அப்படியானால் அந்தக் காரைப் பேணிக் காக்கும் அக்கறை யாரிடம் இருக்கும்? சொந்தமாக வாங்கியவர் குத்தகைக்கு எடுத்தவரை விட நன்றாகப் பராமரிப்பாரா? இக்கேள்விகளே இன்றைய உரையின் பொருள். கார் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், ஓர் இளைஞனின் வருமானமும் உயிரும் குடும்பத்தின் நற்பெயரும் இதில் அடங்கியுள்ளன.

முதலில் பத்திரத்தைப் பார்ப்போர் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுவிஸ் வாகனப் பத்திரத்தில் காணப்படும் பெயர் வாகனத்தை வைத்திருப்பவரின் பெயராகும். டொச் மொழியில் அவர் 'ஹால்டர்' எனப்படுகிறார். உரிமையாளர் என்பது வேறு சொல், வேறு பொருள். லீசிங் கார்களின் பத்திரத்தில் வழக்கமாக 178 என்ற குறியீடு பதியப்படும். வாகனத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது தடுக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். எனவே பத்திரத்தில் தன் பெயரைக் கண்டு "இது என்னுடைய கார்" என்று சொல்லும் இளைஞன், அந்தச் சிறு எண்ணையும் படித்தல் வேண்டும்.

உரிமை ஒருவரிடமும் பயன்பாடு இன்னொருவரிடமும் இருப்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் ஒற்றி என்னும் முறை உண்டு. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை அனுபவிப்பார். காணியோ கடன் வாங்கியவருக்கே உரியதாக இருக்கும். குத்தகைத் தோட்டங்களும் அவ்வாறானவையே. குத்தகைக்காரர் இந்தப் போகத்துக்கு வேண்டிய பசளையைத் தவறாது இடுவார். ஆனால் கிணற்றை ஆழமாக்குவதும், வேலியோரம் பனம்விதை நடுவதும் காணிக்காரரின் வேலை. குத்தகைக்காரர் சோம்பேறி என்பதனால் அன்று. பனை பயன் தரும் காலத்தில் அவர் அந்தக் காணியில் இருக்கமாட்டார் என்பதனாலேயே. எவ்வளவு காலம் ஒரு பொருள் கையில் இருக்கும் என்பதைப் பொறுத்தே அதன் மீதான அக்கறையும் அமைகின்றது.

இதையே காரில் கணக்கிட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு காரின் விலை 70,000 பிராங் என்றும், 48 மாதங்களின் பின்னர் அதன் எஞ்சிய பெறுமதி 30,000 பிராங் என்றும் கொள்வோர், இடையிலுள்ள 40,000 பிராங்கே தேய்மானம் என்பதைக் காண்பர். மாதத்துக்கு ஏறத்தாழ 833 பிராங். வட்டி ஆண்டுக்கு 4 வீதமாயின் மேலும் ஏறத்தாழ 167 பிராங். ஆக, மாதத் தவணை 1,000 பிராங் ஆகின்றது. முழுக் காப்புறுதி, வாகன வரி, பராமரிப்பு, ரயர், எரிபொருள் ஆகியன இதற்குப் புறம்பானவை. சொந்தமாக வாங்கியவருக்கும் அதே தேய்மானம் உண்டு. வேறுபாடு ஒன்றே: நான்கு ஆண்டுகளின் முடிவில் எஞ்சும் 30,000 பிராங் அவருடையது. நன்றாகப் பேணினால் அது 33,000 ஆகலாம். பாழாக்கினால் 22,000 ஆகலாம். இலாபமும் நட்டமும் அவரையே சாரும். லீசிங்கில் எடுத்தவருக்கோ, ஒப்பந்தம் அனுமதித்த எல்லைக்குள் காரைத் திருப்பிக் கொடுத்தால் போதுமானது.

ஆகையால்தான் லீசிங் நிறுவனங்கள் உரிமையாளரின் கண்ணை ஒப்பந்த வரிகளாக எழுதி வைக்கின்றன. ஆண்டுக்கு இத்தனை கிலோமீற்றர் மட்டுமே ஓடலாம். குறித்த காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட கராஜில் பராமரிப்புச் செய்ய வேண்டும். முழுக் காப்புறுதி இருக்க வேண்டும். சாதாரணத் தேய்வுக்கு மேற்பட்ட சேதத்துக்குப் பணம் செலுத்த வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள். இதன் விளைவாக, லீசிங் கார்கள் அலட்சியமாகவே பேணப்படும் என்ற பொதுக் கருத்து முழு உண்மை ஆகாது. பராமரிப்புப் புத்தகத்தில் ஒரு முத்திரையும் தவறாத கார்களுள் பல, லீசிங்கிலிருந்து திரும்பியவையே.

ஆனால் ஒப்பந்தம் எதைக் காண்கின்றது, எதைக் காண்பதில்லை என்பதில்தான் சூட்சுமம் உள்ளது. காரைத் திருப்பி ஒப்படைக்கும் நாளில் பரிசோதகர் கீறலைக் காண்பார். நடைபாதை விளிம்பில் உரசிய சில்லைக் காண்பார். கிழிந்த இருக்கையைக் காண்பார். அதனால் குத்தகைக்காரர் வெளித்தோற்றத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பார். தை மாதக் குளிரில் இயந்திரம் சூடாகுமுன்னரே முழு வேகத்தில் முடுக்கியதைப் பரிசோதகரின் கண் காணாது. குளிர்ந்த எண்ணெய் தடிப்பானது. இயந்திரத்தின் நுண்ணிய பாகங்களை அது சென்றடைந்து முழுமையாகக் காப்பதற்குச் சில நிமிடங்கள் தேவை. ரேபோ பொருத்திய கார்களில் அந்தச் சிறு சுழலி நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேல் சுழலக்கூடியது. அதிவேக ஓட்டத்தின் பின்னர் அது ஆறுவதற்கு அவகாசம் அளிக்காமல் உடனே இயந்திரத்தை நிறுத்துவது, அதன் ஆயுளைக் குறைக்கும். புதிய காரை முதல் ஆயிரம் கிலோமீற்றருக்காவது மென்மையாக ஓட்டுமாறு பல கையேடுகள் அறிவுறுத்துவதும் இத்தகைய காரணத்துக்காகவே. இந்தத் தவறுகளின் விலை நான்காம் ஆண்டில் தெரிவதில்லை. ஏழாம், எட்டாம் ஆண்டில் தெரியும். அப்போது அந்தக் கார் வேறொரு குடும்பத்தின் வாசலில் நிற்கும்.

அரசின் பரிசோதனையும் இதற்குத் துணை வராது. 2017 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, புதிய கார் முதற் பதிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே முதன்முறை வாகனப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றது. நான்கு ஆண்டு லீசிங்கில் எடுத்தவர் அந்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலைக் காணாமலே காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்படியாயின் சொந்தக்காரரே சிறந்த பராமரிப்பாளர் என்று முடிவு கட்டலாமா? அதுவும் பொருந்தாது. சேமிப்பு முழுவதையும் கொட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவரிடம் அதைப் பேணுவதற்குப் பணம் எஞ்சியிருப்பதில்லை. அவரைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தமும் இல்லை. எண்ணெய் மாற்றுவது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். பிறேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கூடக்கூட அதன் கொதிநிலை குறையும். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிறேக் பிடிக்கும்போது அது செயலிழக்கக்கூடும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது பொதுவான நியதி. கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் அதுவும் தள்ளிப்போகும். பெரிய சில்லுகளுக்குரிய குளிர்கால ரயர்களின் விலையைக் கண்டு, கோடைகால ரயர்களுடனேயே மார்கழியைக் கடத்த முனைவோரும் உளர். நிலத்துக்குச் சொந்தக்காரன் அதைச் சென்று பாராதிருந்தால், அந்நிலம் மனைவியைப் போல ஊடல் கொள்ளும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியிருக்கின்றார். அவர் குறை கூறுவது குத்தகைக்காரனை அன்று, நிலக்கிழாரையே என்பது கவனிக்கத்தக்கது. உரிமைப் பத்திரம் மட்டும் எப்பொருளையும் காப்பதில்லை. போய்ப் பார்ப்பதே காக்கின்றது.

இளையோருக்கு இங்கு ஒரு முக்கிய செய்தி உண்டு. மனிதர் மறைப்பதைக் கார் மறைப்பதில்லை. இன்றைய கார் சில்லுகள் மீது ஓடும் கணினியாகும். எடுத்துக்காட்டாக, போர்ஷே கார்களின் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி, அனுமதிக்கப்பட்ட சுழற்சி வேகம் மீறப்பட்டதைப் பதிவு செய்து வைக்கின்றது. விடயம் அறிந்தவர்கள் பாவித்த காரை வாங்குமுன் அந்தப் பதிவைக் கேட்டுப் பெறுகின்றனர். பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970 ஆம் ஆண்டில் பாவித்த கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல கார்களுக்கும் உரிய விலை கிடைக்காமற் போகின்றது என்பதே அதன் சாரம். அவருக்கு 2001 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. லீசிங்கிலிருந்து திரும்பிய காரை மலிவாக வாங்க எண்ணுவோர், பளபளப்பைப் பார்த்து மயங்காமல், பராமரிப்புப் புத்தகம், ரயரில் பொறிக்கப்பட்ட உற்பத்தி வாரமும் ஆண்டும் கொண்ட நான்கு இலக்க எண், பிறேக் தட்டுகளின் தடிப்பு, குளிர்ந்த நிலையில் இயந்திரம் எழுப்பும் ஓசை ஆகியவற்றைக் கவனித்தல் வேண்டும்.

இனிப் பெற்றோர் கவனத்துக்கு. சுவிஸ் நுகர்வோர் கடன் சட்டம் 2003 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்துக்கு உட்பட்ட லீசிங் ஒப்பந்தத்தில், எடுப்பவரின் பணம் செலுத்தும் ஆற்றல் முன்கூட்டியே ஆராயப்பட வேண்டும். கையொப்பமிட்ட பின்னரும் 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். இடையில் முறித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அப்போது ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட்ட அட்டவணைப்படி மேலதிகத் தொகை செலுத்த நேரிடும். முதல் ஆண்டுகளிலேயே காரின் பெறுமதி பெரிதும் வீழ்வதால் அத்தொகை சிறியதாக இராது. மேலும் 80,000 பிராங்கிற்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் அந்த எல்லையை இலகுவில் தாண்டிவிடும். தவணை தவறினால் கடன் அறவீட்டு அலுவலகத்தில் பதிவு ஏற்படும். வீடு வாடகைக்குத் தேடும்போதும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். மகனின் ஆசைக்காகத் தந்தை தன் பெயரில் கையொப்பமிட்டால், பதிவும் தந்தையின் பெயரிலேயே விழும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். 2013 ஆம் ஆண்டு முதல், மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லையுள்ள இடத்தில் 100 அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுவது கடும் குற்றமாகும். அதற்கு ஓராண்டு முதல் நான்காண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2023 அக்டோபர் முதல் சில சூழ்நிலைகளில் தண்டனையைக் குறைக்க நீதிமன்றங்களுக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தாலும் குற்றம் குற்றமே. சாரதி அனுமதிப்பத்திரம் பறிக்கப்படும். வாகனத்தைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. பெரும் கவனயீனத்தால் நேர்ந்த விபத்தாயின் காப்புறுதி நிறுவனம் தான் கொடுத்த பணத்தைத் திரும்பக் கோரலாம். கார் அழிந்தாலும் லீசிங் கணக்கு அழிவதில்லை. இவை யாவற்றுக்கும் மேலாக, போன உயிரை எந்தக் காப்புறுதியும் மீட்டுத் தராது. காரைப் பேணுதல் என்பதில் அதை ஓட்டும் முறையும் அடங்கும்.

எனவே ஸ்போர்ட்ஸ் கார் எடுக்க விரும்பும் இளையோர் மூன்று கேள்விகளைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளட்டும். தவணைப் பணம் போக, காப்புறுதிக்கும் ரயருக்கும் பராமரிப்புக்கும் மாதந்தோறும் ஒதுக்கப் பணம் உண்டா? இந்தக் கார் பத்து ஆண்டுகள் தன்னிடமே இருக்கும் என்றால் இன்று காலை அதை எப்படி முடுக்கியிருப்பேன்? நாளை இதை வாங்கப்போகும் முன்பின் அறியாத ஒருவரிடம், இதை எப்படி வைத்திருந்தேன் என்று கூச்சமின்றிச் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்தால், லீசிங்கா சொந்தமா என்பது பணக்கணக்கு மட்டுமே. விடை கிடைக்காவிட்டால், இரண்டு வழிகளும் தவறானவையே.

இறுதியாக, இந்த ஊரையே சற்று நோக்குங்கள். அட்லிஸ்வில்லிலிருந்து பெல்செனெக் குன்றுக்கு 1954 ஆம் ஆண்டு முதல் கேபிள் கார் ஓடிக்கொண்டிருக்கின்றது. பள்ளிச் சிறுவரும் முதியவரும் நம்பி ஏறுகின்றனர். ஏறுபவர் எவரும் அதன் சொந்தக்காரர் அல்லர். ஆயினும் ஆண்டுதோறும் சேவையை நிறுத்திவைத்து, வடத்தையும் இயந்திரத்தையும் சோதித்த பின்னரே மீண்டும் ஓடவிடுகின்றனர். அதன் பராமரிப்புக்கு வேண்டிய பொறுப்பும் பணமும் நேரமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வாசலில் நிற்கும் காருக்கும், அது எவருடைய பெயரில் இருந்தாலும், அந்த மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். எலுமிச்சம்பழம் ஒரு நாள் காக்கும். மற்றைய நாட்களில் காக்க வேண்டியவர் ஓட்டுபவரே.