பழைய வீடும் புதிய வரைபடமும்

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்' என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. கட்டிய வீட்டைத் திருத்திப்பார் என்று முன்னோர் எவரும் எச்சரித்தாரல்லர். அவர்கள் காலத்தில் வீடு திருத்துதல் என்பது ஓடு மாற்றுதல், கறையான் அரித்த சிலாகையைக் களைதல், சுவருக்கு வெள்ளையடித்தல் என்ற அளவோடு நின்றது. இக்காலத்திலோ பழைய வீட்டைத் திருத்துதல், புது வீடு கட்டுதலினும் சிக்கலான கருமமாகிவிட்டது. அதனைக் கட்டடக் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து திட்டமிடுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாற்சார் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவே திறந்த முற்றம், அதனைச் சுற்றி நாற்புறமும் தாழ்வாரம், அப்பால் அறைகள், தெருப்பக்கம் திண்ணை, சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர், பனைமரம் தாங்கும் ஓட்டுக்கூரை. இத்தகைய வீட்டில் இன்று வாழ்பவர் யார்? பல இடங்களில் எழுபது, எண்பது வயதைக் கடந்த ஒரு தாயும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள் குடும்பமுமே வாழ்கின்றனர். ஏனைய பிள்ளைகள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பர். வீட்டைத் திருத்தப் பணம் அனுப்புபவர் அவர்கள். எப்படித் திருத்தவேண்டும் என்று தொலைபேசியில் படம் அனுப்புபவரும் அவர்களே. அவர்களுடைய அன்பில் குறையில்லை. ஆயினும், குசினியில் நாள்தோறும் நிற்கும் மகளையோ, இரவில் எழுந்து கிணற்றடிப் பக்கம் நடக்கும் தாயையோ ஒருவரும் கேட்பதில்லை.

அதன் பயன் என்ன? ஒப்பந்தக்காரர் ஒருவர் வருகிறார். வந்த படத்தைப் பார்க்கிறார். முற்றத்தைக் கொங்கிறீற்றால் மூடி அகன்றதொரு மண்டபம் ஆக்குகிறார். பளபளக்கும் வழுக்குத் தரை போடுகிறார். வேலை முடிந்தபின் பட்டப்பகலிலும் மின்விளக்கு எரியவேண்டியதாகிறது, காற்று நின்றுவிடுகிறது, சித்திரை வெயிலில் மண்டபம் அனலாகிறது. கிழவியாருக்கோ அத்தரையில் கால் ஊன்றவே அச்சம். பெருந்தொகை செலவழிந்தது; வாழ்பவருக்கு வசதி குறைந்தது.

கட்டடக் கலைஞர் என்பவர் செல்வந்தருக்கே உரியவர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. வரைபடம் கீறித் தருவதே அவருடைய தொழில் என்றும் பலர் கருதுவர். சொன்னதைக் கீறித் தருபவர் படவரைஞர். கட்டடக் கலைஞரோ, சொல்லாததையும் கேட்டறிந்து, இடத்தை ஆராய்ந்து, காற்றும் வெளிச்சமும் பணமும் சட்டமும் ஒன்றோடொன்று பொருந்தும் வழியைக் காண்பவர். இத்தொழிலுக்கு நம் நாட்டில் 1976ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆதலின் நாடிச் செல்லும் ஒருவர் பதிவு பெற்றவரா என வினவுவது அவமதிப்பு அன்று, நம் கடமை.

நல்ல கட்டடக் கலைஞர் முதலிற் செய்வது வினாத் தொடுத்தல். இதற்கு நம் நாட்டிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானவர். இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞர். கண்டிக்கு அண்மையில் வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியருக்கென இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பை 1950களில் அவர் திட்டமிட்டார். பல இனத்தவரும் சமயத்தவரும் குடியேறவிருந்த அவ்விடத்துக்கு ஒரே அச்சில் வார்த்த வீடுகளை அவர் வரைந்தாரல்லர். குடியேறவிருந்தோருக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர்களுடைய வாழ்க்கை முறையையும் தேவைகளையும் பணவசதியையும் அறிந்தபின்னரே பல்வேறு வகை வீடுகளை வகுத்தார். குடியிருப்போர் சொல்லே வரைபடத்துக்கு அடித்தளம் என்பதை அன்றே அவர் செய்து காட்டினார்.

அந்த வினாக்களுக்கு விடை கூற நாமும் ஆயத்தமாக வேண்டும். ஒரு கொப்பியை எடுத்து, வீட்டின் வாழ்க்கையை ஒரு கிழமைக்கு எழுதி வாருங்கள். காலையில் முதலில் எழுபவர் யார்? பிள்ளைகள் எங்கிருந்து படிக்கின்றனர்? மாரியில் தூவானம் எந்தப் பக்கத்தால் உள்ளே அடிக்கிறது? பிற்பகல் வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது? விருந்தினர் வந்தால் எங்கே இருக்கின்றனர்? பின்னர் மூன்று பட்டியல் எழுதுங்கள்: கட்டாயம் வேண்டியவை, இயன்றால் வேண்டியவை, எக்காரணம் கொண்டும் தொடக்கூடாதவை. மூன்றாம் பட்டியலை வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டே எழுதவேண்டும். சுவாமி அறையோ, திண்ணையோ, முற்றத்துத் துளசியோ, அதன் பெறுமதி அவருக்கே தெரியும்.

இவ்வாறு கேட்டறிந்த ஒரு தேவை வரைபடத்தில் எப்படி உருவெடுக்கிறது என்பதையும் பார்ப்போம். தாயாருக்கு நாளை சக்கர நாற்காலி தேவைப்படலாம். அது தடையின்றி நுழைய வாசலில் 32 அங்குலமாவது வெளி இருக்கவேண்டும். சரிவுப்பாதை ஓர் அடி உயர்வதற்கு 12 அடி நீளவேண்டும் என்பது பொதுவான கணக்கு. திண்ணை ஒன்றரை அடி உயரமாயின் 18 அடிப் பாதை வேண்டும். அதற்கு எவ்விடத்தில் இடமுண்டு? இக்கேள்வி வரைபடத்தில் எழுந்தால் ஒரு கோட்டை அழித்து எழுதலாம். சுவர் எழும்பியபின் எழுந்தால் இடித்தே ஆகவேண்டும்.

அடுத்து, பழைய வீட்டின் உடல்நிலையை அறியவேண்டும். வீட்டை அளந்து, உள்ளது உள்ளபடி வரைந்துகொள்வதே முதற்படி. போர்க்காலத்திற் கூரையிழந்து பல ஆண்டு மழையில் நனைந்த வீடுகள் வடக்கில் அநேகம். அவற்றின் சுவர் வெடிப்புகளையும், கூரை மரங்களையும் பொறியியலாளர் பார்க்காமல் மேல்மாடி பற்றிப் பேசுதல் தகாது. சுண்ணாம்புச் சாந்தாலான பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மீது சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கி, காலப்போக்கிற் பூச்சு பொருமிக் கழன்றுவிடும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. இன்னுமொன்று: குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். அதன் வெடிப்புகள் வழியே கழிவுநீர் கிணற்றை விரைவில் அடைந்துவிடும். அறையோடு சேர்ந்த மலசலகூடம் வேண்டுமென விரும்புவோர், அதன் குழி எங்கே அமையும், நம் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பதை முதலில் வினவவேண்டும்.

முற்றத்தை மூடாமல் வசதி பெருக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். உலகப் புகழ்பெற்ற நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, கொழும்பில் 33ஆம் ஒழுங்கையிலுள்ள தம் இல்லத்தைப் புதிதாகக் கட்டவில்லை. வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1958இற் குடிபுகுந்து, மற்றையவற்றையும் காலப்போக்கிற் பெற்று, ஒரே இல்லமாக இணைத்தார். இணைத்தபோது சிறு சிறு முற்றங்களைத் திறந்துவிட்டு, ஒளியையும் காற்றையும் நடுவீட்டுக்கு வரவழைத்தார். நெருக்கமான நகரத்தில் அவர் முயன்று உண்டாக்கிய முற்றம், நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தாழ்வாரத்தை அகலித்து, மழை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் மறைப்பு இட்டால், மண்டபத்துக்குரிய இடமும் கிடைக்கும், முற்றமும் பிழைக்கும்.

இனிப் பணத்தைப் பற்றி ஒரு சொல். கையிலுள்ள தொகையை முதல்நாளே கட்டடக் கலைஞரிடம் மறையாது கூறுங்கள். அவருடைய கட்டணம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்திற் கொடுக்கவேண்டும், வேலைத்தலத்துக்கு எத்தனை முறை வருவார் என்பனவற்றை எழுத்தில் வாங்குங்கள். அளவுகளும் பொருள்களும் குறித்த பட்டியல் ஒன்றை ஆக்குவித்து, அதே பட்டியலை இரண்டு மூன்று ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து விலை கேளுங்கள். அப்பொழுதுதான் ஒருவர் விலையை மற்றவர் விலையோடு ஒப்பிட இயலும். பழைய வீட்டில் ஓட்டைக் கழற்றிய பின்னரே தெரியவரும் குறைகள் பல. ஆகவே மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கையாவது புறம்பே வைத்தல் நன்று. 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது சீமெந்து விலை ஏறியதையும், வேலைகள் இடைநடுவில் நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் குடியிருக்கக்கூடியதாக வகுத்துவைத்தால், அத்தகைய காலத்திலும் கூரையின்றி நிற்க நேராது.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978இன் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் நடைமுறையிலுள்ள பிரதேசங்களில், புதுக்கட்டடத்துக்கு மாத்திரமன்றி மாற்றிக் கட்டுவதற்கும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். நம் வீடு எந்தச் சபைக்கு உட்பட்டது, அங்கே எவ்விதி உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே விசாரித்து வைத்தல், அயலவரோடு பிணக்குப்படுவதையும் தவிர்க்கும்.

நேயர்களே, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து, அவ்வீட்டில் மூன்று கிழமை தங்குவார். தாயும் சகோதரியும் எஞ்சிய நாளெல்லாம் அங்கே வாழ்பவர்கள். பணம் கொடுப்பவரின் விருப்பத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. கட்டடக் கலைஞர் மேசையில் வரைபடத்தை விரிக்கும் நாளில், தொலைபேசியில் அவரும் இருக்கட்டும். ஆனால் அடுக்களையில் இருக்கும் மகளை வெளியே அழையுங்கள். தாயாருக்கு ஒரு கதிரை போடுங்கள். 'அம்மா, இது உங்கள் அறை, இது வாசல், இரவில் விளக்கின் ஆளி இங்கே இருக்கும்' என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அவர் 'இந்தப் பக்கம் வேண்டாம், மேனை' என்று சொன்னால், அந்தக் கோட்டை அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். அன்று மாற்றுவதற்கு ஒரு பென்சிலும் ஓர் அழிறப்பரும் போதும்.