முதல் மனைவியைக் கேட்டீர்களா?

தோழர்களே, இந்தக் குப்பத்தின் பெயரிலேயே ஓர் அமெரிக்கர் இருக்கிறார். நானும் அமெரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே மோர்மன் மதத்தாரின் பலதார மணத்தை அரசு தடுத்தது. அது மத ஒடுக்குமுறையா?

இங்கேயும் அதே கேள்வி வந்தது. சென்னை மாகாணத்தில் 1949இல் இந்துக்களின் இருதார மணத்துக்குத் தடை வந்தது. இதே போன்ற பம்பாய்ச் சட்டத்தை எதிர்த்து, மகன் இல்லாமல் மோட்சம் இல்லை என்று சாஸ்திரம் பேசினார்கள். தத்தெடுக்கலாமே என்றது உயர் நீதிமன்றம், 1951இல். (மகள் அங்கேயும் கணக்கில் இல்லை!) முதல் மனைவியைக் கேட்காத மதச் சுதந்திரத்தைத் தடுப்பது ஒடுக்குமுறை ஆகாது.

ஆனால் 1887இல், பலதார மணத்தை ஒழிக்க வந்த அமெரிக்கச் சட்டமே யூட்டா பெண்களின் வாக்குரிமையையும் பறித்தது. அதுதான் ஒடுக்குமுறை. பொது சிவில் சட்டம் என்று வருகிறவர்களிடம் கேளுங்கள்: கைவிடப்பட்டவளுக்கு வீடும் ஜீவனாம்சமும் எந்தப் பிரிவில் இருக்கிறது?