அட்டவணை பழுதானால்

கடையின் கணக்கையும், மாணவரின் புள்ளிகளையும், குடும்பத்தின் புகைப்படங்களையும் கணினியிலே சேமித்து வைப்போர், அவற்றுக்கு வேறொரு வன்தட்டிலே காப்புப்பிரதி எடுத்து வைத்தல் நன்று. இப்பணிக்கெனவே எழுதப்பட்ட மென்பொருள்கள் பல உள. 1989ஆம் ஆண்டிலே மக்கின்டோஷ் கணினிகளுக்கென வெளிவந்து, பின்னர் விண்டோஸ் கணினிகளுக்கும் பரவிய ரெட்ரோஸ்பெக்ட் அவற்றுள் ஒன்று. இதனைக் கையாள்வோர் சிலவேளைகளிற் காணும் அறிவித்தல் ஒன்றுண்டு. அட்டவணைக் கோப்புப் பழுதுற்றது என்பதே அது. திருத்தினாற் சில நாள் ஒழுங்காக ஓடும். பின்னர் அதே அறிவித்தல் மீண்டும் தோன்றும்.

அட்டவணைக் கோப்பு என்பது யாது? நூலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நூல்கள் அலுமாரிகளில் இருக்கின்றன. எந்நூல் எங்கே உளது என்பதைக் கூறும் அட்டைகள் வேறோர் இழுப்பறையில் இருக்கின்றன. காப்புப்பிரதிகள் நூல்களாயின், அட்டவணைக் கோப்பு அந்த அட்டைகளாகும். அட்டைகள் அழிந்துபோனாலும், நூல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துப் புதிய அட்டைகளை எழுதிவிடலாம். அவ்வாறே பிரதிகளை முதலிலிருந்து வாசித்து அட்டவணையை மீள ஆக்கும் வசதி இம்மென்பொருளில் உண்டு. பெரிய தொகுதியாயின் அதற்குப் பல மணிநேரம் செல்லும். ஆனால் இதன் மறுதலை நடவாது. நூல்கள் அழிந்தபின் அட்டைகளிலிருந்து நூல்களைப் பெற இயலாது.

மீள ஆக்கிய அட்டவணை மறுபடியும் பழுதாவது ஏன்? நாம் நோயின் குறியை நீக்கினோமேயன்றி நோயை நீக்கவில்லை. அட்டவணை தங்கியிருக்கும் வன்தட்டு தேய்ந்திருக்கலாம். அதில் இடம் நிரம்பியிருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம். அல்லது கணினி உறங்குநிலைக்குச் சென்றிருக்கலாம். நச்சுநிரல் தடுக்கும் மென்பொருள் அதே கோப்பைப் பற்றிக்கொண்டிருக்கலாம். கணினியின் நினைவகமே குறையுடையதாயின், எழுதப்படுவதெல்லாம் பிழைபட எழுதப்படலாம்.

ஆதலால், பழுது தோன்றிய நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியிலே குறித்து வையுங்கள். மின்தடையின் பின்னரே வருகின்றதாயின், மின்சேமிப்புக் கருவி ஒன்று வேண்டும். நாடோறும் ஒரே நேரத்தில் வருகின்றதாயின், அந்நேரத்தில் இயங்கும் வேறு மென்பொருளை ஐயுறுங்கள். காலவொழுங்கு எதுவும் தோன்றாவிடின், வன்தட்டைச் சோதித்து, அட்டவணையை நலமுள்ள வேறொரு வன்தட்டில் மீள ஆக்குங்கள். பழுது நின்றுவிடின் பழைய இடமே குற்றவாளி எனக் கொள்ளலாம். நில்லாவிடின் நினைவகத்தையும் இணைப்பு வயரையும் ஆராயுங்கள். ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், எது பயன் தந்தது என்பது விளங்காது.

மீள ஆக்கும் வேலையே இடைநடுவில் நின்றுபோனால், பிரதிகளும் பழுதுற்றிருக்கக்கூடும். அப்போது தாமதியாது, புதிய வன்தட்டொன்றிலே புதிய தொகுதியைத் தொடங்குங்கள். பழையதை அழித்துவிட வேண்டாம். முன்னர் நீக்கப்பட்ட கோப்பொன்று அதில் மாத்திரமே எஞ்சியிருக்கலாம்.

நேயர்களே, மாதந்தோறும் அட்டவணையைத் திருத்தித் திருத்தி, எல்லாம் சரியாயிற்று என்று அமைதி கொள்வதே இதிலுள்ள பேராபத்து. மூலம் அழிந்த நாளிலேதான் பிரதியும் பயனற்றதென்பது தெரியவரும். எனவே திருத்தியபின், நான்கைந்து கோப்புகளையேனும் வேறோர் இடத்தில் மீட்டு, திறந்து, வாசித்துப் பாருங்கள். மீட்டுப் பாராத பிரதி நம்பிக்கை மாத்திரமே. மீட்டுப் பார்த்த பிரதியே காப்பு.