பூவிலே பாடம் கண்ட பேராசிரியர்

(தில்லியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் ஒருவரையோ இசைவாணர் ஒருவரையோ நினைந்து போற்றுவது நம் மரபு. இவ்வாண்டு இரசாயன ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசுதல் வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தபோது, சிற்றுண்டி வேளை நெருங்கும் நேரத்தில் சூத்திரங்களை அடுக்கி அவையோரை விரட்டி விடுவோமோ என்னும் அச்சம் எமக்கு எழுந்தது. ஆயினும் பேராசிரியர் தி. ரா. சேஷாத்திரி அவர்களின் வரலாற்றில் சூத்திரங்களைக் காட்டிலும் பூக்களே மிகுதி. ஆகவே நீங்கள் அஞ்ச வேண்டுவதில்லை.

காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். ஐந்து ஆண்மக்களுள் இவர் மூன்றாமவர். திருவரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். இராமகிருஷ்ண மிஷனின் உதவி அப்போது அவருக்குத் துணை நின்றது. பின்னர் அக்கல்லூரியிலேயே பிமன் பிகாரி தே என்னும் வங்காளப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி பயின்றார். தமிழ்நாட்டு மாணவனுக்கு வங்காளத்தார் ஒருவர் வழிகாட்டியதும், அம்மாணவரே பின்னாளில் ஆந்திரத்தாருக்கும் வடநாட்டாருக்கும் வழிகாட்டியதும், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் நினைந்து மகிழத்தக்க செய்தி.

1927இல் இங்கிலாந்து சென்று மாஞ்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்று, 1929இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில், 1947இல், நோபல் பரிசு பெற்ற அதே இராபின்சன்தான். அங்கிருந்து ஆஸ்திரிய நாட்டின் கிராட்ஸ் நகருக்குச் சென்று, பிரெகல் என்னும் அறிஞரின் நுண்பகுப்பு முறையைக் கற்றார். இவ்விடத்தில் சற்றே நிற்போம். ஒரு பொருளில் கரி எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று அளந்தறியப் பழைய முறையில் அப்பொருள் நிறைய வேண்டியிருந்தது. பிரெகல் வகுத்த முறையிலோ சில மில்லிகிராம் போதும். கூடை கூடையாகப் பூவைக் காய்ச்சி வடித்தாலும் கைக்குக் கிடைப்பது ஒரு சிட்டிகை மஞ்சட் பொடிதான். அச்சிட்டிகையைக் கொண்டே வேலையை முடிக்க வல்ல வித்தையை அவர் நாட்டிற்குக் கொண்டு வந்தார். கப்பலேறிச் சென்றோர் கொண்டு வந்தவற்றுள் இதனினும் பயனுடையது பிறிதொன்று உண்டோ என்று ஐயுறுகிறோம்.

1930இல் திரும்பியவர் கோயமுத்தூரில் வேளாண்மை இரசாயனப் பணியில் சில ஆண்டுகள் இருந்தார். 1933இல் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். அப்போது அங்கே துணைவேந்தராயிருந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். பல்கலைக்கழகமோ புதியது, ஆய்வுக்கூடத்தைக் கட்டுவதும் கருவி சேர்ப்பதும் மாணவரைப் பழக்குவதும் ஒருங்கே நடைபெற வேண்டியிருந்தன. எதை ஆராய்வது? அருமையான மூலப் பொருள்களை அயல்நாட்டிலிருந்து வரவழைக்கப் பொருள் வசதி ஏது? அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பருத்திப் பூ இருந்தது; ஆந்திரர் கோங்குரா என்றும் நாம் புளிச்சை என்றும் வழங்கும் கீரைச் செடியின் பூ இருந்தது; புங்கமரத்தின் வித்து இருந்தது. அவரும் மாணவரும் புளிச்சைப் பூவிலிருந்து பிரித்தெடுத்த நிறப்பொருளே ஹிபிஸ்கெட்டின் என்னும் பெயரால் உலக நூல்களில் ஏறியது. கீரையைக் கடைந்துண்டு பூவை எறிந்துவிடுவோர் நாம்.

அக்காலத்தில் இவ்வாராய்ச்சி நடந்த வகையையும் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் இன்று கருவி சில நிமிடத்திற் காட்டுவதை அன்று கையும் கண்ணும் பல திங்கள் உழைத்துக் கண்டன. இதழ்களைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்துச் சுண்டச் செய்து படிகமாக்குவர். அமிலத்திலிட்டுக் கொதிக்க வைத்தால், பொருளோடு பிணைந்திருந்த சர்க்கரை கழன்று விடும். எஞ்சியதைக் காரத்தால் உடைத்து, உடைந்த துண்டுகள் இவை இவை என அறிந்து, முழுப் பொருளின் அமைப்பை ஊகிப்பர். ஊகம் மெய்யோ பொய்யோ? எளிய பொருள்களிலிருந்து அதனையே ஆய்வுக்கூடத்தில் புதிதாய் ஆக்கிப் பார்ப்பர். பூவிலிருந்து வந்ததையும் கையால் ஆக்கியதையும் கலந்து உருக்குவர். இரண்டும் ஒன்றாயின் உருகும் வெப்பநிலை மாறாது. வேறாயின் பெரும்பாலும் தாழ்ந்துவிடும். நம் பாட்டிமார் பாகுப் பதம் பார்ப்பது போன்ற சோதனைதான். ஆனால் ஒரு மாணவனின் மூன்றாண்டு உழைப்பு அந்த ஒரு கணத்தில் நிற்கும் அல்லது வீழும்.

பூக்களின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள்கள் பலவற்றுக்கும் பதினைந்து கரியணுக்களைக் கொண்ட ஒரே சட்டகம் உண்டு. அதில் ஆக்ஸிஜன் எங்கெங்கே ஏறியிருக்கிறது என்பதே வேற்றுமை. செடி முதலில் எளிய பொருளை ஆக்கிப் பின்னரே அதில் ஆக்ஸிஜனைக் கூடுதலாக ஏற்றுகிறது என்று சேஷாத்திரி கருதினார். அங்ஙனமே ஆய்வுக்கூடத்திலும் எளியதிலிருந்து அடுத்ததை ஆக்கிக் காட்டினார். செடியிடமே வழி கேட்டுக் கொள்ளும் இம்முறை எமக்கு மிகவும் உவப்பானது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மேல் குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்குப் பெயர்ந்தது. பாடுபட்டு அமைத்த ஆய்வுக்கூடத்தை விட்டுச் செல்வது எத்தகைய துயரம் என்பதை, வீடு மாற்றி வீடு மாற்றி அலுத்த அரசாங்க ஊழியர் குடும்பங்கள் நன்கு உணரும். ஆயினும் அவ்வாண்டுகளிலும் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவருவது நிற்கவில்லை.

1949இல் தில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கொண்டது. ஐம்பதை எட்டும் வயதில், பதினாறாண்டுகள் வளர்த்ததை மாணவர் கையில் விட்டு, மீண்டும் தொடங்கினார். வால்டேரில் விட்டது வீண்போகவில்லை. அவர் மாணவர் இராமச்சந்திர ராவ் அங்கே பேராசிரியராய் அப்பணியைத் தொடர்ந்தார். இங்கோ புரசும் செஞ்சந்தனமும் இமயத்துக் கற்பாசிகளும் ஆராய்ச்சிக்கு வந்தன. ஹோலிப் பண்டிகையில் அண்டை வீட்டார் டேசுப் பூவைக் கொதிக்க வைத்துச் சாயநீர் எடுப்பதைக் கண்டிருப்பீர்களே, அதுவே நம்மூர்ப் புரசம்பூ. நம் அடுக்களையில் குருமாவுக்கு இடும் கல்பாசியும் அவர் ஆராய்ந்த பாசியினத்தைச் சேர்ந்ததே. குருமாவைப் பற்றிப் பேசியவுடன் பின்வரிசையில் கவனம் மிகுவதைக் காண்கிறோம், நன்று.

அதே நாள்களில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் தலைவராக இந்நகரில் இருந்தவர் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். காவிரிக் கரையிலிருந்தும் மேற்கு மலையடிவாரத்திலிருந்தும் வந்த இருவர் ஒரே காலத்தில் தலைநகரின் விஞ்ஞானத்திற்குத் தூண்களாயிருந்தனர். கிருஷ்ணன் பெயரையேனும் பாடநூல் ஓரளவு காத்தது.

1960இல் இலண்டன் ராயல் சொசைட்டி சேஷாத்திரியைத் தன் உறுப்பினராக்கியது. 1963இல் பத்ம பூஷண் விருது வந்தது. 1967இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1965இல் ஓய்வு பெற்ற பின்னரும் மதிப்புறு பேராசிரியராய் ஆராய்ச்சியை விடவில்லை. 1975 செப்டம்பர் 27இல் மறைந்தார். ஆயிரத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் அவர் பெயரோடு வெளிவந்தன. ஆனால் அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றோர் 150 பேருக்கு மேல் என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வால்டேரிலும் தில்லியிலுமாக 42 ஆண்டுகள். கணக்கிட்டால் ஆண்டுக்கு மூவர் அல்லது நால்வர். ஒவ்வொருவரின் படிகத்தையும் பார்த்து, ஒவ்வொருவரின் கட்டுரையையும் திருத்தி, அடுத்தவனை அழைத்த உழைப்பு அது.

இனி எம் விண்ணப்பம். அவர் ஓய்வு பெற்ற ஆண்டில் இருபது வயதினராயிருந்த மாணவர் இன்று எண்பதைத் தொட்டவர். ஆராய்ச்சிக் கட்டுரைகள் நூலகத்தில் இருக்கும். ஆசிரியர் வகுப்பில் எப்படி நின்றார், தவறிய சோதனையைக் கண்டு என்ன சொன்னார் என்பன அம்மூத்தோர் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. நம் குடியிருப்பிலேயே அக்காலத்தில் பல்கலைக்கழகம் சென்று படித்தோர் உளர். அவர்தம் நண்பர்களும் நகரெங்கும் உளர். பள்ளி முடித்த நம் பிள்ளைகள் இருவர் மூவராய்ச் சென்று, அவர்கள் சொல்வதைத் தமிழிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்டு எழுதி வரட்டும். பழைய புகைப்படம், பரணில் கிடக்கும் ஆய்வுக்கூடக் குறிப்பேடு, கடிதம் எது இருந்தாலும் படியெடுத்துக் கொண்டு உரியவரிடமே திருப்பித் தருவோம். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் விழா முடிந்ததும் நூலக மேசையருகே வருக. அடுத்த மாதக் கூட்டத்திலேயே முதற் குறிப்பைப் படிக்க எண்ணியுள்ளோம்.