ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு உரிய சேவைகளும் காப்பீடும்

(நெய்வேலியில் விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இல்லறத்தார்க்கு உரியனவாக ஆன்றோர் வகுத்த தானங்கள் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, நூலறிவு. இவற்றுள் மருந்துத் தானம் என்றவுடன் மருத்துவ முகாமும், கண் சிகிச்சையும், மாத்திரை வழங்கலும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து தேவைப்படும் குழந்தைகளும் உளர். அவர்களே ஆட்டிசம் உள்ள குழந்தைகள். அவர்களுக்கு மருந்தாவது பயிற்சி. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவற்றை வாரந்தோறும், பல ஆண்டுகள், இடைவிடாது அளித்தல் வேண்டும். இம்மருந்தை எங்கே பெறுவது? அதன் செலவை யார் ஏற்பது? பெற்றோர்க்குப் பின் அக்குழந்தையை யார் காப்பது? இம்மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருள்.

தாயின் மேல் ஏற்றப்பட்ட பழி

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைத் தாங்க இயலாமை என அது பலவாறு வெளிப்படும். உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர்க்கு இந்நிலை உள்ளது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டிற்குக் கூறும் மதிப்பீடு. ஆகவே, இஃது எங்கோ ஓர் ஊரில் எவர்க்கோ நேர்வதன்று.

1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விரிவாக எழுதினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று கற்ற மருத்துவர்களே நம்பினர். எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்திற்காகக் கண்ணீர் வடித்தனர். ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்டு ரிம்லாந்து, 1964இல் வெளியிட்ட நூலில் அக்கொள்கையைச் சான்றுகளுடன் மறுத்தார். பிறவியிலேயே அமையும் உடற்கூற்றுக் காரணங்களே இதற்கு அடிப்படை என்பது இன்று உறுதிப்பட்ட செய்தி.

அறிவியல் கைவிட்ட அப்பழியைச் சில இல்லங்கள் இன்னும் கைவிடவில்லை. அங்கே அது 'முன்வினை' என்னும் பெயரில் வாழ்கிறது. வினைக் கொள்கை ஒவ்வொருவரும் தத்தம் செயலைத் தாமே ஆராய்ந்து திருந்துவதற்கு வகுக்கப்பட்டது. பிறர் வீட்டுத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அதனைப் பயன்படுத்துவோர் அக்கொள்கைக்கும் இழுக்குத் தேடுகின்றனர். ஒரு தாயின் உள்ளத்திற்கும் ஊறு செய்கின்றனர். சொல்லாலும் கொல்லாமை வேண்டும்.

மறைப்பதனால் இழக்கும் ஆண்டுகள்

தமிழ்ச் சமணர் சிறிய சமுதாயத்தினர். ஓர் ஊரின் செய்தி மறுநாள் எல்லா ஊர்களையும் எட்டிவிடும். பெண் கொடுத்தலும் எடுத்தலும் அறிந்த குடும்பங்களுக்குள்ளேயே நிகழ்வதால், 'மூத்தவள் திருமணம் முடியட்டும். பிறகு இவனைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணும் பெற்றோர் உளர். 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்' என்று ஆறுதல் கூறும் உறவினரும் உளர். இவ்விரு சொற்களும் அன்பினால் பிறந்தவையே. ஆயினும் அவை குழந்தையின் பொன்னான ஆண்டுகளைப் பறித்துவிடுகின்றன. மூளை விரைந்து வளரும் முதல் ஐந்து ஆண்டுகளில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பயன் தருவது.

ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாமை, கண்ணோடு கண் நோக்காமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவை கருதத்தக்க அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும், முதலில் செவித்திறன் ஆய்வும், தொடர்ந்து குழந்தை மருத்துவரின் வளர்ச்சி மதிப்பீடும் செய்வித்தல் வேண்டும்.

சட்டம் தந்த இடம்

மாற்றுத்திறனாளிகளுக்கென 1995இல் இயற்றப்பட்ட சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமே ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. பின்னர் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் எண்ணிக்கையை 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் அதில் சேர்த்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகள், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெற அச்சட்டம் வழி செய்துள்ளது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளும் உண்டு.

இவ்வுரிமைகள் அனைத்திற்கும் திறவுகோல் ஒன்றே. அதுவே மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். அதனோடு வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். 40 கூறுகளைக் கொண்ட ஓர் இந்திய அளவுகோலால் மருத்துவக் குழுவினர் குழந்தையை மதிப்பிடுவர். அதில் 70 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறுதல் ஆட்டிசத்தைக் குறிக்கும். சிறு வயதில் தரப்படும் சான்றிதழ் தற்காலிகமானதாக இருக்கலாம். அதில் குறித்த நாளுக்கு முன் புதுப்பித்தல் வேண்டும். தமிழக அரசின் பட்டியல்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிக்கப்படுவது ஆட்டிசமே என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

'சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும்' என்று அஞ்சுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சான்றிதழ் பெறாத குழந்தைக்கும் ஊர் முத்திரை குத்தத்தான் செய்கிறது. 'அடங்காதவன்', 'மந்தம்' என்னும் அம்முத்திரைகளால் எந்தப் பயனும் இல்லை. சான்றிதழ் ஒன்றே உரிமையைக் கொணரும்.

நெய்வேலியிலிருந்து எட்டும் சேவைகள்

நிலக்கரி நிறுவனம் 1956இல் தோன்றியபின் பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறியோரால் அமைந்த நகரியம் நெய்வேலி. பாட்டியும் அத்தையும் அருகிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கூட்டுக் குடும்பம் இங்குள்ள வட்டங்களில் அரிது. தந்தை முறைப் பணிக்குச் செல்ல, தாய் ஒருத்தியே நாள் முழுதும் குழந்தையோடு போராடுகிறாள். இத்தகையோர்க்கு அண்மையிலுள்ள உதவிகள் இன்றியமையாதவை. சிறப்புக் குழந்தைகளுக்கென நிறுவனத்தின் துணையோடு நகரியத்தில் இயங்கும் ஸ்நேகா பள்ளி அவற்றுள் முதலாவது.

பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் நலனுக்காக நடுவண் அரசு 2013இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. இத்திட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. மதிப்பீடும் பயிற்சியும் கட்டணமின்றியே கிடைக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். பள்ளிக்கு வர இயலாத குழந்தையின் இல்லத்திற்கே அவர்கள் செல்வதும் உண்டு. உலக வங்கியின் உதவியோடு தமிழக அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டம் முதலில் தொடங்கப்பட்ட மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. 'விழுதுகள்' என்னும் பெயரில் அமையும் அதன் சேவை மையங்கள் பல்வகைப் பயிற்சிகளையும் ஒரே கூரையின்கீழ்த் தருகின்றன. இவை குறித்த செய்திகளைக் கடலூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

உயர்நிலை மதிப்பீடு தேவைப்படின் புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. தொலைவைக் கருதி ஒவ்வொரு வாரமும் அங்குச் செல்லல் எளிதன்று. ஆதலால் ஆண்டுக்கு ஓரிரு முறை அங்கே மதிப்பீடு பெற்று, அவர்கள் கற்பிக்கும் பயிற்சியை இல்லத்திலும் அண்மை மையத்திலும் தொடர்தலே தக்க வழி.

காப்பீட்டில் உள்ள இடைவெளி

இனி, பெற்றோரைப் பெரிதும் திகைக்க வைக்கும் செய்தியாகிய காப்பீடு. பொதுவான மருத்துவக் காப்பீடு மருத்துவமனைக் கட்டிலை அடிப்படையாகக் கொண்டது. நோயாளி படுக்கையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் பணம் தரும். ஆட்டிசம் உள்ள குழந்தை கட்டிலில் படுப்பதில்லை. பயிற்சி அறைக்கு நடந்து சென்று ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. ஆகவே ஆண்டு முழுதும் செலவு செய்தும், பாலிசி கையில் இருந்தும், ஒரு ரூபாயும் திரும்பப் பெறாத குடும்பங்கள் பல. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சைக்கே உரியது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு. 2008இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் உரியது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை இல்லை. வயது வரம்பும் இல்லை. புறநோயாளிச் சிகிச்சைக்கும், தொடர் பயிற்சிகளுக்கும், போக்குவரத்திற்கும் தனித்தனி வரம்புக்குள் பணம் கிடைக்கும் என்பதே இதன் தனிச்சிறப்பு. சேருவதற்கான கட்டணம் சில நூறு ரூபாய் அளவினதே. இதன் காப்பு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவது. இடையில் சேர்வோர்க்கும் மார்ச் 31உடன் காப்பு முடிந்துவிடுமாதலின், ஆண்டின் தொடக்கத்திலேயே சேர்தலும், தவறாது புதுப்பித்தலும் வேண்டும். பயிற்சி மையத்தின் ரசீது, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு ஆகியவற்றை நாளும் தவறாது சேர்த்து வைத்தவர்க்கே தொகை திரும்பும்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளோர்க்கும் ஒரு செய்தி. உடல் அல்லது மனக் குறைபாட்டினால் பெற்றோரின் வருவாயையே முற்றிலும் சார்ந்து வாழும் பிள்ளைக்கு, வயது வந்தபின்னும் மருத்துவ உரிமையை அச்சட்டம் தொடர்ந்து அளிக்கிறது. மேலும், மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பாலிசியை ஒவ்வொரு பொதுக் காப்பீட்டு நிறுவனமும் வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2023 பிப்ரவரியில் பணித்தது. 'இக்குழந்தைக்குப் பாலிசி இல்லை' என்னும் விடையோடு பெற்றோர் திரும்பிவிடாமல், அந்த ஆணையைச் சுட்டிக் கேட்கலாம். மறுப்பை எழுத்தில் தருமாறும் கோரலாம்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் ஆட்டிசப் பயிற்சிக்குப் பணம் தர மறுத்தன. பெற்றோர்கள் மாநிலம் மாநிலமாக முறையிட்டனர். அதன் பயனாக 2019ஆம் ஆண்டிற்குள் 50 மாநிலங்களிலும் அதற்கான விதிகள் வந்தன. கூடிக் கேட்ட பெற்றோரின் குரலே அவ்விதிகளைப் பெற்றுத் தந்தது.

பெற்றோர்க்குப் பின்

'எங்கள் காலத்திற்குப் பின் இவன் கதி என்ன?' என்பது ஒவ்வொரு பெற்றோரின் நெஞ்சிலும் உறங்காத வினா. நெய்வேலியில் அது சற்று முன்னதாகவே எழுகிறது. பணி ஓய்வு நாளில் குடியிருப்பையும் ஒப்படைக்க வேண்டுமன்றோ? இதற்குச் செய்யத்தக்கவை சில.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தவுடன், சட்டத்தின் பார்வையில் பெற்றோர் இயல்பான பாதுகாவலர் என்னும் நிலை முடிந்துவிடுகிறது. ஆதலால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைந்த உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் பெறுதல் வேண்டும். தாமே தக்கவரைத் தேர்ந்து, அவர் ஒப்புதலுடன் இதனைச் செய்து வைப்பது பெற்றோரின் கடமை. அடுத்ததாக, வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமாக முழுமையாக இயலாமையுற்ற பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் தர வழியுண்டு. பணிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரும் நிலையும் பதிவாகியுள்ளனவா என்று ஓய்வுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வருமான வரியிலும், பழைய முறையைத் தேர்ந்தோர்க்கு, 75,000 ரூபாயும் கடுமையான குறைபாடாயின் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

சமுதாயம் செய்யத்தக்கது

பெரும் பொருட்செலவு இல்லாமலே அறநிலையங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, இணையவழி விண்ணப்பமும் காப்பீட்டுப் படிவமும் நிரப்ப அறிந்த இளைஞர் இருவரை அமர்த்துதல். வட்டத்திற்கு வட்டம் அலையும் தாய்க்கு அதுவே பேருதவி. இரண்டாவது, இயலாத குடும்பங்களின் நிராமயா கட்டணத்தையும், பயிற்சிக்குச் செல்லும் பேருந்துச் செலவையும் ஏற்றல். ஒரு நாள் விருந்தின் செலவு பல குழந்தைகளின் ஓராண்டுக் கட்டணத்திற்குப் போதும். மூன்றாவது, ஆலய விழாக்களில் ஒலிபெருக்கியும் மேளமும் இல்லாத ஒரு நேரத்தை ஒதுக்குதல். பேரொலியைத் தாங்க இயலாத குழந்தை செவியைப் பொத்திக்கொண்டு அழ, ஊரார் திரும்பிப் பார்க்க, அத்தாய் பின்னர் ஆலயத்திற்கே வருவதில்லை. அமைதியான ஒரு மணி நேரம் அவளை மீண்டும் அழைத்து வரும்.

இக்குழந்தைகளுக்கு அஞ்சாமல் வெளிவர இடம் தருவது அபய தானம். பயிற்சிக்கு வழி காட்டுவது மருந்துத் தானம். பள்ளியில் சேர்ப்பது நூலறிவுத் தானம். ஒரு குழந்தையின் பொருட்டு மூன்று தானங்கள் ஒருங்கே கைகூடுகின்றன. அவ்வறத்தை இவ்வாண்டே தொடங்குக. எந்த இல்லத்திலும் ஒரு குழந்தை மறைத்து வளர்க்கப்படும் நிலை இனி இல்லாதொழிக.

அறம் வளர்க!